மன்னிப்புக் கேட்பதற்கு முன் பட்டறைக்குப் போங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. சொந்த ஊர் நாச்சியார்கோயில். அப்பா குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியும் தினமும் வேலை செய்கிறார். நான் பெங்களூருவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். பள்ளியில் துணைப்பாடமாகச் சுருக்கிப் படித்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை இப்போதுதான் முழுமையாகப் படித்தேன். அன்று கல்லறையில் வரும் கைதியும், கல்யாண உடையைக் களையாத அந்தக் கிழவியும்தான் மனத்தில் நின்றார்கள். இன்று, கொல்லர் ஜோ லண்டனுக்கு வந்து பிப்பைப் பார்க்கும் பகுதியைத் தாண்டவே பல நாள் ஆயிற்று. காரணம் இதுதான். பொறியியல் கல்லூரி முதலாண்டில் அப்பா அதிரசம், முறுக்கோடு விடுதிக்கு வந்தார். கை முழுக்கத் தீக்காயத் தழும்பு, நகமெல்லாம் கறுப்பு. ‘யார் இவர்?’ என்று அறை நண்பன் கேட்டான். ‘ஊர்க்காரர், அப்பா கொடுத்தனுப்பியிருக்கிறார்’ என்றேன். அது அப்பாவின் காதில் விழுந்தது. ‘அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் தம்பி’ என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை அவரும் அதைப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. மனைவிக்கும் தெரியாது. ஆண்டுதோறும் மார்கழி கல் கருட சேவைக்குக் குடும்பத்தோடு வருகிறோம். கும்பகோணத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, பகலில் வீட்டுக்குப் போய்வருவோம். போன முறை அவருக்கு ஏ.சி. வாங்கி மாட்டிக் கொடுத்தேன். அவர் அதைப் போடுவதே இல்லை. நான் அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதலாமா? அந்த நாவலின் கதையைச் சொல்லிப் புரியவைக்கலாமா? 13 வயது மகளுக்கு அந்த நாவலைப் படிக்கக் கொடுக்கலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மன்னிப்புக் கடிதத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம். நாவலின் கதையையும் அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம். காரணத்தை அந்த நாவலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அதை நன்றாகப் படித்திருக்கிறீர்கள். ஓரிடத்தை மட்டும் கவனிக்காமல் கடந்துவந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்களை நிறுத்திய அந்தப் பகுதியிலேயே தொடங்குவோம். (நாவலைப் படிக்காதவர்களுக்கு: பிப் தாய் தந்தையற்றவன். அவனை வளர்த்தவர்கள் அவன் அக்காவும் அவள் கணவரான கொல்லர் ஜோவும். யாரென்று தெரியாத ஒருவர் தரும் பணத்தில் அவன் கனவானாக லண்டனுக்குப் போய்விடுகிறான்.) ஜோ வருகிறார் என்று கடிதம் வந்ததும் பிப்புக்கு மகிழ்ச்சி வரவில்லை. காசு கொடுத்தால் அவர் வராமல் இருப்பார் என்றால் கொடுத்துவிடலாம் என்று தோன்றியதாக அவனே எழுதுகிறான். ஜோ வருகிறார். உடம்புக்குப் பொருந்தாத நல்ல உடுப்பு. தொப்பியை வைக்க இடம் தெரியாமல் கணப்பு மாடத்தின் ஓரத்தில் வைக்கிறார், அது விழுந்துகொண்டே இருக்கிறது. தூக்கி வளர்த்த பிள்ளையை ‘சார்’ என்று அழைக்கிறார், நடுநடுவே ‘பிப்’ என்றும் வந்துவிடுகிறது. பிப்புக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்தத் தடுமாற்றம் முழுவதற்கும் தானே காரணம் என்பதும், தான் இயல்பாக இருந்திருந்தால் ஜோவும் இயல்பாக இருந்திருப்பார் என்பதும் பின்னாளில் எழுதும்போதுதான் அவனுக்கு உறைக்கிறது.

உங்கள் அப்பா ‘தம்பி’ என்று உங்களை அழைத்துவிட்டுப் போனதைப் படித்தபோது எனக்கு அந்த ‘சார்’ நினைவுக்கு வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஜோவின் ‘சார்’ கூச்சத்தில் பிறந்தது. உங்கள் அப்பாவின் ‘தம்பி’ ஒரு முடிவு. மகன் நண்பன் முன்னால் பொய் சொல்லிவிட்டான், அந்தப் பொய் உடைந்தால் அவனுக்கு அவமானம் என்று ஒரு நொடியில் கணித்து, அதைத் தன் வாயாலேயே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். அவர் காயப்படவில்லை என்று நான் சொல்லவில்லை. காயப்பட்ட அந்த நொடியிலும் உங்கள் பக்கம் நின்றிருக்கிறார். இத்தனை ஆண்டுகளாக அந்தக் காட்சியில் உங்கள் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் செய்ததையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

இனி நீங்கள் கடந்துவந்த இடம். புறப்படும்போது ஜோவின் தடுமாற்றம் முழுக்கப் போய்விடுகிறது. வாழ்க்கை என்பதே பிரிவுகளைப் பற்றவைத்துச் செய்ததுதான் என்கிறார். ஒருவன் இரும்புக் கொல்லன், ஒருவன் தகர வேலைக்காரன், ஒருவன் பொற்கொல்லன், ஒருவன் செப்புக் கொல்லன், இவர்களுக்கிடையே பிரிவு வரத்தான் செய்யும் என்கிறார். (செம்பு வேலை செய்பவரையும் அவர் மறக்காமல் சேர்த்திருக்கிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.) அதன்பிறகு சொல்வதுதான் முக்கியம். இந்த உடுப்பில் நான் சரியாக இல்லை, உலைக்களத்தையும் சமையலறையையும் சதுப்பு நிலத்தையும் விட்டு வெளியே வந்தால் நான் சரியாக இல்லை என்கிறார். என்னைப் பார்க்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றினால் பட்டறை ஜன்னலில் தலையை நீட்டிப் பார், பழைய பட்டடையில், தீய்ந்துபோன பழைய மேலாடையோடு நான் அங்கே இருப்பேன் என்கிறார்.

இது ஓர் அழைப்பு. நாவல் முழுக்க ஜோ தனக்காகக் கேட்பது அநேகமாக இது ஒன்றுதான். அன்பைக் கேட்கவில்லை, நன்றியைக் கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் வந்து பார் என்றார், அவ்வளவுதான்.

பிப் என்ன செய்தான்? மறுநாளே சொந்த ஊருக்குக் கிளம்பினான். ஜோவின் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று முதலில் தோன்றியது. வண்டியில் இடம் பிடித்த பிறகு வேறு காரணங்கள் கிளம்பின: நான் வருவது அவர்களுக்குத் தெரியாது, படுக்கை தயாராக இருக்காது, என்னால் அவர்களுக்குத் தொந்தரவு. எனவே ‘புளூ போர்’ என்ற விடுதியில் அறை எடுத்தான். உலகத்தில் உள்ள ஏமாற்றுக்காரர்கள் எல்லாம் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்பவனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அதைப் பற்றிப் பின்னாளில் எழுதுகிறான். ஊருக்குப் போன வேலையை முடித்துவிட்டு, ஜோவைப் பார்க்காமலே லண்டன் திரும்பினான். திரும்பியதும், போகாததற்கு ஈடாக ஜோவுக்குப் பெரிய மீன் ஒன்றும் ஒரு பீப்பாய் சிப்பியும் அனுப்பிவைத்தான்.

கல்லூரி விடுதிச் சம்பவத்தை அவ்வளவு விரிவாக எழுதிய நீங்கள், லாட்ஜையும் ஏ.சி.யையும் ஆளுக்கொரு வரியில் முடித்துவிட்டீர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்ததை உங்களால் மாற்ற முடியாது, அதனால்தான் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் நினைத்து வருந்த முடிகிறது. வருகிற மார்கழியில் லாட்ஜில் தங்குவதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. நான் இங்கே கும்பகோணத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். திருபுவனத்துத் தறி வீட்டிலிருந்தும், சுவாமிமலைச் சிற்பப் பட்டறையிலிருந்தும், பாபநாசம் பக்கத்து வயல் வீடுகளிலிருந்தும் படித்து வெளியே போன பிள்ளைகள் நாற்பது வயதில் இதே பாரத்தோடு வருகிறார்கள். பழைய குற்றவுணர்வு பல நேரங்களில் இன்று செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடவும் உதவிவிடுகிறது. ‘நான் எவ்வளவு வருந்துகிறேன்’ என்பதே ஒரு கடமையைச் செய்து முடித்த உணர்வைத் தந்துவிடுகிறது. பிப்பும் அப்படித்தான். அக்காவின் இறுதிச் சடங்குக்கு வந்தபோது, இனி ஜோவைப் பார்க்க அடிக்கடி வருவேன் என்று, அந்த வீட்டோடு இருந்த பிட்டி என்ற பெண்ணிடம் உருகிச் சொன்னான். அவள் பதில் பேசவில்லை. தன்னைச் சந்தேகிக்கிறாளே என்று அவனுக்குக் கோபம். அவள் நினைத்ததுதான் சரியாயிற்று, அவன் வரவில்லை.

லாட்ஜ் எடுப்பது தவறு என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சிறிய வீடு, வளரும் பெண் குழந்தை, திருவிழாக் கூட்டம், எல்லாம் நிஜமான காரணங்களாக இருக்கலாம். அதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்குள் உங்கள் மனைவி, மகள் கண்ணுக்கு அப்பா எப்படித் தெரிவார் என்ற பழைய பயம் அந்தக் காரணங்களுக்குள் ஒளிந்திருக்கிறதா?

மன்னிப்பைப் பற்றிச் சொல்கிறேன். பிப் கடைசியில் மன்னிப்புக் கேட்கிறான். ஜோவும் பிட்டியும் மணம் முடித்த அன்று, இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்தச் சொல்லை நான் காதால் கேட்க வேண்டும் என்று மன்றாடுகிறான். மன்னிக்க ஏதாவது இருந்தால் மன்னித்துவிட்டேன் என்று ஜோ சொல்கிறார். பிப் அதைப் பெற்றுக்கொண்டு எகிப்துக்குப் போய்விடுகிறான். பதினோரு ஆண்டுகள் அவர்களைக் கண்ணால் பார்க்கவில்லை. இந்தப் பகுதியைப் படித்துக் கண்ணீர் விடுபவர்கள் உண்டு. எனக்கு அங்கே பிப்பின் மேல் கோபம்தான் வருகிறது. கடன் தீர்த்தவனைப் போல அவன் கிளம்பிப் போகிறான். நோயில் கிடந்தபோது குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டவரை, தன் கடனைச் சத்தமில்லாமல் அடைத்துவிட்டு விடிவதற்குள் போய்விட்டவரை, ஒரு வார்த்தை சொல்ல வைத்துவிட்டு விட்டுப்போகிறான். நீங்கள் பெங்களூருவிலிருந்து ஒரு கடிதம் எழுதி, அப்பா தொலைபேசியில் ‘அதெல்லாம் ஒன்றுமில்லையப்பா’ என்று சொல்லி, உங்கள் பாரம் இறங்கிவிட்டால் நீங்களும் ஏறக்குறைய அதைத்தான் செய்திருப்பீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் கடிதத்தில் அப்பா முழுக்க முழுக்க ஜோவாகவே இருக்கிறார். ஜோ பிப்பிடம் கோபப்படாதவர், குறை சொல்லாதவர், எதையும் மன்னிப்பவர். அவரை நமக்குக் காட்டுவது குற்றவுணர்வில் நொந்துபோன பிப்பின் பேனா என்பதை மறக்கக் கூடாது. உங்கள் அப்பா ஒரு மனிதர். அவருக்குக் கோபம் இருக்கலாம். அந்த நாள் மறந்தே போயிருக்கலாம். அதைவிட வேறொரு விஷயம், நீங்கள் அறியாத ஒன்று, அவரை அதிகமாக நோகடித்திருக்கலாம். போய் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால், மன்னிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியே இல்லாமல் செய்துவிடுவீர்கள்.

அந்தக் கூச்சம் உங்களிடம் எங்கிருந்து வந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். உலைக்களம்தான் தான் ஆளாகப்போகும் ஒளிமிக்க வழி என்று பிப் சிறுவயதில் நம்பியிருந்தான். கல்யாண உடையைக் களையாத அந்தக் கிழவியின் பெரிய வீட்டில் எஸ்டெல்லா என்ற சிறுமி அவன் கை சொரசொரப்பானது, பூட்ஸ் தடிமனானது என்று ஏளனம் செய்த அன்றுதான் தன் கையை அவன் முதன்முதலாக வெட்கத்தோடு பார்க்கிறான். சொந்த வீட்டை நினைத்து வெட்கப்படுவது மிகவும் பரிதாபமான நிலை என்று அவன் எழுதுகிறான். அதில் நன்றிகெட்டதனம் இருக்கலாம், அதற்கான தண்டனையும் தகுந்ததாகவே இருக்கலாம் என்றும் ஒப்புக்கொள்கிறான். எழுதியவருக்கும் அது பழக்கமான உணர்வுதான். கடனுக்காகத் தந்தை மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்ட 1824-ல், 12 வயது டிக்கன்ஸ் பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினார். பிள்ளைகளிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. 1870-ல் அவர் இறந்த பிறகு நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வழியாகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

உங்களுக்கு அந்த ஏளனம் விடுதியில் மட்டும் கிடைத்திருக்காது. டெல்டாவில் தொழில் செய்யும் வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: ‘இந்தக் கஷ்டம் என்னோடு போகட்டும், நீ படித்து மேலே போ.’ முழு அன்போடு சொல்வதுதான். பத்து வயதுப் பிள்ளையின் காதில் அது ‘இந்தத் தொழில் தாழ்ந்தது’ என்றும் விழுந்துவிடுகிறது. உங்கள் வீட்டிலும் அப்படி நடந்திருந்தால், உங்கள் கூச்சத்தில் ஒரு பகுதி அப்பாவே தெரியாமல் கொடுத்தது. இது உங்களுக்குச் சமாதானம் சொல்வதற்காக அல்ல. அவருக்கும் தன் தொழில் குறித்துச் சொல்லாத வருத்தம் இருக்கலாம், அதைக் கேட்க ஒருவர் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனவே என் ஆலோசனை இதுதான். மார்கழிவரை காத்திருக்க வேண்டாம். திருவிழா நாளில் நீங்கள் விருந்தாளி, அவர் வீட்டுப் பெரியவர், பேச்சு வளராது. பெங்களூருவில் இரவு ரயிலில் ஏறினால் காலையில் கும்பகோணம். தனியாக வாருங்கள். உலை மூட்டும் நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அந்த நாளில் பட்டறைக்குப் போங்கள். அச்சுப்பெட்டியில் மண்ணை அடித்து இறுக்குவது, உருகிய பித்தளையை ஊற்றுவது, ஆறியதும் உடைத்து எடுப்பது, கடைசல் பிடிப்பது, மெருகு போடுவது எல்லாவற்றையும் கூடவே இருந்து பாருங்கள். பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகச் செய்து திருகிப் பூட்டும் அந்த விளக்குக்குத்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் வீட்டு அன்னத்தின் கழுத்து யாருடைய கைவளைவு என்று உங்களுக்குத் தெரியுமா?

அதைக் கேளுங்கள். அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், முதல் வார்ப்பு சரியாக வந்தது எப்போது, கையில் இருக்கும் எந்தத் தழும்பு எந்த நாளில் வந்தது என்று கேளுங்கள். நாவலில் இதற்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பிப் சிறுவனாக இருந்தபோது ஓர் இரவு கணப்பருகே ஜோ தன் கதையைச் சொல்கிறார்: குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன், மகனோடு ஓடி ஓடி ஒளிந்த தாய், அதனால் படிக்க முடியாமல் போனது. அந்த இரவிலிருந்துதான் ஜோவின் மேல் தனக்குப் புதிய மதிப்பு பிறந்தது என்கிறான் பிப். ஜோவின் மென்மை சூதுவாது தெரியாதவரின் மென்மை அல்ல, அடிபட்டவர் தெரிந்து தேர்ந்தெடுத்தது என்று அப்போதுதான் நமக்கும் புரிகிறது. வளர்ந்த பிப் அந்த இரவை மறந்துவிட்டான். அவன் ஒரு கதையையாவது கேட்டிருந்தான். நீங்கள் அப்பாவின் கதையைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

முதல் முறையிலேயே விடுதிச் சம்பவத்தை எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று முறை போய்வந்த பிறகு, அருகருகே உட்கார்ந்து பேசுவது பழகிவிட்டால், ‘அன்றைக்கு விடுதியில் நான் அப்படிச் சொன்னது தப்புதான் அப்பா’ என்று ஒரே வரியில் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், அழுகை வேண்டாம், டிக்கன்ஸ் வேண்டாம். அவர் பேசினால் கேளுங்கள். கோபப்பட்டால் அதையும் கேளுங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். பிப், ஜோ கதையை அதன்பிறகு எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். கொல்லர் ஒருவரைப் பற்றிய கதை என்பதால் அவர் ஆர்வமாகக் கேட்பார் என்றே நினைக்கிறேன். சிறுவன் பட்டறையிலிருந்து அரத்தைத் திருடிக் கைதிக்குக் கொடுக்கும் இடம் அவருக்குப் பிடிக்கும்.

மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள், முழு நாவலை. 13 வயதில் சில இடங்கள் மெதுவாகத்தான் போகும், போகட்டும். ஏன் கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் பிப்பைவிட எஸ்டெல்லாவைப் பற்றி அதிகம் யோசிக்கக்கூடும், அது அவளுடைய வாசிப்பு. தாத்தாவின் பட்டறையை அவள் முன்பே நன்றாகப் பார்த்திருந்தால் உலைக்களம் வரும் பக்கங்கள் அவளுக்கு எளிதாகப் புரியும், எனவே பள்ளி விடுமுறையில் அவளையும் ஒருநாள் அங்கே விடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மனைவியிடம் பேசுங்கள். விடுதியில் நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். ஆண்டுதோறும் லாட்ஜில் தங்குவது வசதிக்காக மட்டும்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். உண்மையிலேயே வசதிதான் சிக்கல் என்று இருவருக்கும் தோன்றினால், குளியலறையையும் ஓர் அறையையும் சீர்செய்ய அப்பாவிடம் அனுமதி கேளுங்கள். எப்படிக் கட்ட வேண்டும், எந்தக் கொத்தனாரை வைக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஏ.சி.யை வாங்கும் முன் அவரிடம் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இதைக் கேட்டுச் செய்யுங்கள்.